தம்பிரான் வணக்கமும் அதனைக் காத்த நூல்நிலையங்களும்

நூலை இயற்றுவோர் ஒரு சாரார். அதனை ஓதி உணர்வோர் ஒரு சாரார். இவ்விரு சாரார்க்கும் இடையே நின்று அதனைக் காப்போர் மற்றொரு சாரார். முதலிரு சாராரின் பெருமை உலகறிந்தது. மூன்றாம் சாராரின் பெருமையோ, காப்பார் இன்மையால் ஒரு நூல் மறைந்தொழிந்த பின்னரே உணரப்படுகின்றது. ஐம்பெருங் காப்பியங்களுள் ஒன்றாகிய வளையாபதி பெயரளவிலும் சிதறிய சில செய்யுளளவிலுமே எஞ்சி நிற்றல் இதற்குச் சான்றாம். அக்காப்பியத்தை இயற்றினார் இருந்தனர், ஓதினாரும் இருந்தனர், இடையறாது காத்தார் இலராயினர்.

ஓலைச் சுவடிகளுக்கு நேர்ந்த இக்கேடு அச்சு நூல்களுக்கு நேராது என்று கருதுவார் உளர். ஒரே காலத்திற் பல படிகள் தோன்றுதலின் அச்சு நூலுக்கு அழிவில்லை என்பது அவர் கருத்து. அக்கருத்துப் பொருந்தாமையைத் தமிழின் முதல் அச்சு நூல்களின் வரலாறே தெளிவிக்கும். பல படிகளாக அச்சேறிய அந்நூல்கள், இன்று ஓரிடத்து ஒரு படியாகவும் ஈரிடத்து இரு படியாகவுமே எஞ்சியுள்ளன. அவையும் பிறந்த நாட்டில் எஞ்சவில்லை. கடல் கடந்த நாடுகளிலுள்ள பல்கலைக் கழகங்களின் அரும்புத்தகப் பேழைகளிலும் அவை போன்ற பெருநூல்நிலையங்களிலும் எஞ்சின. அவை எவ்வாறு தோன்றின, எவ்விடங்களில் எஞ்சின, அவ்விடத்தார் அவற்றைக் காத்ததன் பயன் யாது என்பன ஈண்டு முறையே ஆராயப்படும்.

முதல் அச்சு நூல்கள்

தமிழ்ச் சொற்கள் முதன்முதல் அச்சேறியது கி. பி. 1554-ஆம் ஆண்டில் போர்த்துகல் நாட்டு லிஸ்பன் நகரிலாம். ஆயினும் அந்நூலில் தமிழ்ச் சொற்கள் உரோமன் எழுத்தாலேயே பொறிக்கப்பட்டன. தமிழெழுத்தே அச்செழுத்தாக வார்க்கப்பட்டது அதன்பின் இருபத்துமூன்று ஆண்டு கழிந்தே என்க. கோவா நகருக்கு அச்சுயந்திரம் 1556-இல் வந்தது. தமிழெழுத்துக்கள் அந்நகரில் 1577-ஆம் ஆண்டிலும், கொல்லத்தில் 1578-ஆம் ஆண்டிலும் வார்க்கப்பட்டன. கொல்லத்து எழுத்தைக் கொண்டு 1578-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 20-ஆம் நாள் அச்சாகி முடிந்த நூலே தம்பிரான் வணக்கம் என்பது. பதினாறே பக்கங்கள் கொண்ட சிறு நூல் அது. இந்திய மொழிகளுள் தன் சொந்த எழுத்திலே முதற்கண் அச்சேறியது தமிழே என்னும் பெருமை இப்பதினாறு பக்கத்தால் விளைந்ததாகும்.

இந்நூலை ஆக்கியவர் அண்டிறீக்குப் பாதிரியார் எனத் தமிழர் வழங்கிய ஹென்றீக்கு ஹென்றீக்கசு என்பவர். இவர் 1520-ஆம் ஆண்டு போர்த்துகல் நாட்டு வில்லா விசோசா என்னும் ஊரிற் பிறந்து, 1546-இல் இந்தியா போந்து, முத்துக்குளித்துறைப் பரதவரிடையே ஏறத்தாழ அரைநூற்றாண்டு வாழ்ந்து, 1600-ஆம் ஆண்டில் மறைந்தவர். தமிழைப் பேச்சு வழக்கிற் கேட்டறிந்து, போர்த்துகீசிய மொழியில் அதற்கோர் இலக்கணமும் எழுதி வைத்தவர். அவ்விலக்கணக் கையெழுத்துப் படி லிஸ்பன் நாட்டு நூலகத்தில் உள்ளது.

தம்பிரான் வணக்கத்திற்கு அடுத்த ஆண்டில், அஃதாவது 1579-இல், கொச்சியிலே கிரிசித்தியானி வணக்கம் என்னும் நூல் 120 பக்கங்களில் வெளிவந்தது. வினாவும் விடையுமாக அமைந்தது அது. 1580-இல் பாவமன்னிப்புப் பெறும் முறையைக் கூறும் கொம்பெசியொனாயரு என்னும் நூலும், 1586-இல் கிறிஸ்தவ அடியார்களின் சரிதங்களைக் கூறும் பிளோசு சாங்தோரும் என்னும் பெருநூலும் வெளிவந்தன. பின்னையது அறுநூற்றுக்கு மேற்பட்ட பக்கங்களை உடையது. இவையெல்லாம் புலவர்க்காக அன்றிக் கடற்கரையோரத்து எளிய மக்களுக்காக ஆக்கப்பட்டமையின், அக்காலத்துப் பேச்சு நடையையும் ஏட்டெழுத்தின் வழக்கையும் தழுவியுள்ளன. பதினாறாம் நூற்றாண்டில் நெய்தல் நிலத்து மக்கள் பேசிய உரைநடையின் இயல்பை அறிய விழைவார்க்கு இவற்றை ஒத்த கருவி பிறிதின்று.

தம்பிரான் என்னும் சொல்

இம்முதல் நூலின் பெயர் சைவ நன்மக்களின் சிந்தையை உடனே ஈர்க்கும். தம்பிரான் என்பது தம்முடைய பிரான் என விரியும். எம்பிரான், நம்பிரான் என்பனவற்றோடு ஒரு நிலைத்தாகிய சொல் அது. திருவாரூர்ப் பெருமானைத் தோழராகக் கொண்ட நம்பியாரூரரைத் தம்பிரான் தோழர் என்பது சைவ மரபு. சைவ ஆதீனங்களிலே துறவு பூண்டு ஞானநெறி நிற்போரைத் தம்பிரான் எனவே இன்றும் வழங்குவர். மேனாட்டிலிருந்து வந்த ஒருவர் தம் சமயக் கடவுளைத் தமிழ் மக்களுக்கு உணர்த்தப் புகுந்தபோது, இலத்தீன் சொல்லோ போர்த்துகீசியச் சொல்லோ போதாமை கண்டு, மக்கள் நாவிற் பயின்ற இச்சொல்லையே நூலின் முகப்பில் வைத்தார். இதனால், பதினாறாம் நூற்றாண்டின் இடைக்கண் தமிழகக் கடற்கரையில் தம்பிரான் என்னும் சொல் எல்லார்க்கும் விளங்கும் இறைப்பெயராக வழங்கிற்று என்பது பெறப்படும். பிற சமய நூலொன்றே சைவத் திருப்பெயரொன்றன் வழக்கிற்கு ஆண்டும் இடமும் குறித்த சான்றாய் நிற்கின்றது. அந்நூல் அழிந்திருப்பின் இச்சான்றும் உடன் அழிந்திருக்கும்.

நூல்கள் எஞ்சிய இடங்கள்

இனி, அந்நூல்கள் இன்று உள்ள இடங்களை நோக்குவோமாயின், தம்பிரான் வணக்கம் அமெரிக்க நாட்டு ஹார்வர்டுப் பல்கலைக் கழகத்தின் ஹூட்டன் நூல்நிலையத்தில் உள்ளது. கிரிசித்தியானி வணக்கம் பாரிஸ் நகரத்துச் சோர்போன் நூல்நிலையத்தில் உள்ளது. கொம்பெசியொனாயரு இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக் கழகத்தின் பாட்லியன் நூல்நிலையத்தில் உள்ளது. அடியார் சரித நூலின் படிகள் உரோமை வத்திக்கன் நூல்நிலையத்திலும் டென்மார்க்கு நாட்டுக் கோபன்ஹேகன் அரசு நூல்நிலையத்திலும் உள்ளன. கொல்லத்திலும் கொச்சியிலும் முத்துக்குளித்துறையிலும் ஒரு படியேனும் எஞ்சியதாக அறியப்படவில்லை.

இதன் காரணம் ஆராயத்தக்கது. நாள்தோறும் கையில் எடுத்து ஓதப்படும் சிறு நூல் விரைவில் தேயும். கடற்கரை நாட்டின் வெம்மையும் ஈரமும் கறையானும் பூச்சியும் எஞ்சியதை உண்ணும். ஓதுவார்க்கு வேண்டும் மொழியும் நடையும் மாறியவழிப் பழைய படியைப் போற்றுவாரும் இலராவர். ஓலைச் சுவடிக்கு இக்கேடு உண்டென்பது முன்னோர் அறிந்ததே. ஆகலின், சில தலைமுறைக்கு ஒருமுறை புத்தேடு வாரிப் படியெடுத்தலும், கோவையிலைச் சாறும் கரியும் கூட்டி மையாடுதலும், பூசை நாளில் ஏட்டை அவிழ்த்துத் துடைத்துக் கட்டுதலும் ஒழுக்கமாகக் கொண்டனர். அச்சு நூலுக்கோ இவ்வொழுக்கம் வகுக்கப்படவில்லை. அச்சிற் கிடைப்பது எளிதென்னும் எண்ணமே அதன் அழிவுக்கு வாயிலாயிற்று. மேனாடு சென்ற ஓரிரு படிகளோ ஓதப்படாமல் பேழையில் வைக்கப்பட்டமையால் எஞ்சின.

ஆக்ஸ்போர்டு நூல்நிலையம்

மேனாட்டு நூல்நிலையங்கள் தொடக்க முதலே இத்தகைய காவல் உடையனவாக இருந்தன என்று கருதுதல் கூடாது. அவையும் இழந்து அறிவு பெற்றனவே. ஆக்ஸ்போர்டுப் பல்கலைக் கழகத்திற்குப் பதினைந்தாம் நூற்றாண்டில் ஹம்பிரி என்னும் கோமகன் 281 கையெழுத்துச் சுவடிகளை வழங்கினான். அவற்றை வைத்தற்கு எழுப்பிய மண்டபம் 1488-இல் திறக்கப்பட்டது. அறுபது ஆண்டு கழிந்தபின் அந்நாட்டில் எழுந்த சமயப் பூசலின்கண், பழைய சமயத்தின் சார்பு உடையன என்னும் காரணத்தால் 1550-ஆம் ஆண்டளவில் அச்சுவடிகள் அகற்றப்பட்டன. நூலின்மையின், அவற்றைத் தாங்கிய பலகைகளும் 1556-இல் விலைப்படுத்தப்பட்டன. பெருமை வாய்ந்த பல்கலைக் கழகமொன்று, மாற்றார் நூலை வெறுத்தமையால், தன் நூல்நிலையத்தையே இழந்து வெறுஞ்சுவரோடு நின்றது.

அவ்வெறுமையை நிறைத்தவர் தாமஸ் பாட்லி என்பவர். இவர் இளமையிலே, தம் குடும்பத்தாரின் சமயக்கொள்கை காரணமாக, நாடு விட்டு ஜெனீவா நகரில் வாழ நேர்ந்தவர். பின்னர் எலிசபெத்து அரசியின் தூதராய்ப் பணிபுரிந்தவர். அரசியல் வாழ்வைத் துறந்து, 1598-ஆம் ஆண்டிற் பல்கலைக் கழகத் தலைவருக்கு ஓலை விடுத்து, தம் செலவில் அந்நூல்நிலையத்தைப் புதுக்க ஒருப்பட்டார். அது 1602-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 8-ஆம் நாள் திறக்கப்பட்டது. 1610-இல் இலண்டன் நூல் வாணிகர் கூட்டத்தாரோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி, அவர்கள் அச்சிடும் நூல் ஒவ்வொன்றிலும் ஒரு படி அந்நிலையத்தைச் சேர்வதாயிற்று.

பாட்லி வகுத்த விதிகளுள் இரண்டு குறிக்கத்தக்கன. அங்கே படிக்கப் புகுவார் எவரும், தீயையோ சுடரையோ உள்ளே கொணரேன் என உறுதி கூறல் வேண்டும் என்பது ஒன்று. நூல் எதுவும் யார்க்கும் இரவலாக வெளியே தரப்படாது என்பது மற்றொன்று. உள்நாட்டுப் போர்க் காலத்தில், 1645-ஆம் ஆண்டு, ஆக்ஸ்போர்டில் தங்கியிருந்த முதலாம் சார்லஸ் மன்னன் ஒரு நூலை இரவல் வேண்டினான். நூல்நிலையத் தலைவர் ஜான் ரௌஸ் என்பவர் விதியைக் காட்டி மறுத்தார்; மன்னனும் அதற்கு உடன்பட்டான். அம்மன்னனை வீழ்த்தி ஆட்சி கொண்ட கிராம்வெல் 1654-இல் வேண்டியபோதும் அவ்விதியே விடையாயிற்று. அரசு மாறியும் காவல் மாறாமை இதனாற் புலப்படும்.

இவற்றினும் வியப்புக்குரியது பிறிதொன்று. 1604-ஆம் ஆண்டு தொடங்கி அந்நிலையத்திற் சீன நூல்கள் வந்து சேர்ந்தன. அவற்றைப் படிக்க அறிந்தவர் அப்பொழுது ஆக்ஸ்போர்டில் ஒருவரும் இலர். எப்பக்கம் தலை, எப்பக்கம் அடி என்பதும் அறியாத நிலையிலே அவை ஏற்கப்பட்டுப் பேணப்பட்டன. எண்பத்துமூன்று ஆண்டு கழிந்து, 1687-இல், ஷென் பூத்சுங் என்னும் சீனர் அவ்வூருக்கு வந்து, நூல்நிலையத் தலைவர் தாமஸ் ஹைடு என்பவரோடு இருந்து, இன்ன நூல் இன்ன பொருளது என்று எடுத்துரைத்தார். படிப்பவர் வரும்வரை நூல் காத்திருந்தது. நூலைக் காத்தவர் படிப்பவர் ஒரு நாள் வருவர் என்னும் நம்பிக்கையொன்றையே பற்றுக்கோடாகக் கொண்டனர்.

கொம்பெசியொனாயரு என்னும் தமிழ் நூலுக்கும் இந்நிலையே வாய்த்தது. அந்நூல் மறைந்துபோயிற்று என்றே ஆராய்ச்சியாளர் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். 1980-க்குப் பிற்பட்ட ஆண்டுகளில் கிரகாம் ஷா என்னும் அறிஞர் பாட்லியன் நிலையத்திலிருந்த படியை இன்னதென்று தெளிந்து, அந்நிலையத்தின் வெளியீட்டிலே அதன் வரலாற்றை எழுதினார். பாவமன்னிப்பு முறையை உரைக்கும் கத்தோலிக்க நூல் அது. அம்முறையை ஏலாத சீர்திருத்தச் சமயத்தார் நிறுவிய நூல்நிலையத்திலே, அதுவும் சமயப் பகையால் ஒருகால் வெறுமையுற்ற அதே மண்டபத்தைச் சார்ந்த நிலையத்திலே, அது கேடின்றிக் காக்கப்பட்டது.

ஹார்வர்டு நூல்நிலையம்

தம்பிரான் வணக்கத்தை உடைய ஹார்வர்டின் வரலாறும் இழப்பிலேயே தொடங்குகின்றது. 1638-ஆம் ஆண்டில் மறைந்த ஜான் ஹார்வர்டு என்பவர் தம் நூல்கள் ஏறத்தாழ நானூற்றை அக்கல்லூரிக்கு எழுதி வைத்தார். 1764-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 24-ஆம் நாள் இரவு மூண்ட தீயிலே நூல்நிலையம் வெந்தது. ஐயாயிரம் நூல்கள் வரை சாம்பராயின. ஜான் ஹார்வர்டு ஈந்தவற்றுள் எஞ்சியதாக அறியப்பட்டது ஒன்றே. அதுவும் அந்நாளில் ஒருவர் இரவல் கொண்டு சென்றிருந்தமையால் தப்பியது. ஆக்ஸ்போர்டில் நூல் வெளியே செல்லாமையால் உய்ந்தது. ஹார்வர்டில் வெளியே சென்றமையால் உய்ந்தது. ஓரிடத்து ஒரே படி என்னும் நிலை எத்துணை இடர் உடையது என்பதற்கு இதனின் மிக்க சான்று வேண்டா.

அவ்விழப்பால் அறிவு பெற்ற ஹார்வர்டார், அரும்புத்தகங்களுக்கும் கையெழுத்துப் படிகளுக்கும் என்றே 1942-ஆம் ஆண்டில் ஹூட்டன் நூல்நிலையத்தைத் தனியே கட்டினர். வெம்மையும் ஈரமும் ஒரே அளவில் நிற்குமாறு அமைக்கப்பட்டது அது. தம்பிரான் வணக்கப் படியைக் குறித்து ஷூர்ஹாமர், காட்ரெல் என்னும் இருவர் 1952-இல் ஹார்வர்டு நூலகப் பத்திரிகையில் விரிவாக எழுதினர். அடுத்த சில ஆண்டுகளில் யாழ்ப்பாணத்துத் தனிநாயக அடிகளார் ஐரோப்பிய நூல்நிலையங்களைத் துருவி, 1954-இல் வத்திக்கனில் அடியார் சரித நூலைக் கண்டனர். 1679-இல் அம்பலக்காட்டில் அச்சான புரோயென்சா பாதிரியாரின் தமிழ்–போர்த்துகீசிய அகராதியையும் வத்திக்கன் படியினின்று நிழற்பதிப்பாக்கி, 1966-இல் மலேயாப் பல்கலைக் கழக வாயிலாக வெளிவரச் செய்தனர். தூத்துக்குடித் தமிழ் இலக்கியக் கழகத்தார் இராசமாணிக்க அடிகளின் பதிப்பாக 1963-இல் தம்பிரான் வணக்கத்தையும் கிரிசித்தியானி வணக்கத்தையும், 1967-இல் அடியார் வரலாறு என்னும் பெயரால் சரித நூலையும் அச்சிட்டனர். முத்துக்குளித்துறையில் வாழ்ந்த மக்களுக்காக எழுந்த நூல்கள், ஏறத்தாழ நானூறு ஆண்டு கழிந்து, அத்துறைக்கே மீண்டன.

ஓர் ஐயமும் விடையும்

அற்றேல், பிற சமயத்தார் நூலைக் காத்தல் அச்சமயத்தை வளர்ப்பதாகாதோ எனின், ஆகாது என்க. காத்தல் வேறு, உடன்படுதல் வேறு. இவ்வேறுபாடு மேனாட்டார் கற்பித்த புதுமையும் அன்று. அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரைப் பரபக்கம், சுபக்கம் என இரு கூறாக வகுத்து, உலகாயதர் முதலாகப் பாஞ்சராத்திரி ஈறாகப் பதினான்கு மதத்தாரின் கொள்கைகளை அவரவர் கூற்றாகவே முன்னர் நிறுத்திப் பின்னரே மறுத்தனர். மாற்றான் கூற்றை முழுதும் கேளாது மறுத்தல் மறுப்பாகாது என்பது சித்தாந்த நூன்முறை.

அம்முறையின் பயன் பிற்காலத்தே பெரிதும் விளங்கிற்று. ஆசீவகர் என்னும் சமயத்தார்க்கு உரிய நூல் ஒன்றேனும் இன்று எஞ்சவில்லை. 1951-ஆம் ஆண்டில் ஆசீவக சமய வரலாற்றை விரித்தெழுதிய பாஷம் என்னும் ஆங்கில அறிஞர், பௌத்த சமண நூல்களோடு தமிழில் உள்ள மணிமேகலை, நீலகேசி, சிவஞான சித்தியார் ஆகிய மூன்றையும் சான்றாகக் கொள்ள நேர்ந்தது. ஒரு சமயத்தின் கொள்கை, அதனை மறுத்தவர் நூலிலே உயிர் பெற்று நிற்கின்றது. குண்டலகேசியின் செய்தியும் அதனை மறுத்த நீலகேசியின் உரையாலேயே பெரிதும் அறியப்படுகின்றது. மறுத்தவர் நேர்மையுடன் எடுத்துரையாராயின், இவை பெயரும் இன்றி ஒழிந்திருக்கும்.

சைவத்தின் காவலராகிய ஆறுமுக நாவலர் பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றவர் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. மாற்றார் நூலை வரிவரியாகக் கற்றமையாலன்றோ 1854-இல் சைவதூஷண பரிகாரம் அவர் கையிற் பிறந்தது? அப்பாதிரிமார் கையாண்ட அச்சுயந்திரத்தையே தாமும் மேற்கொள்ள எண்ணி, 1849-இல் சென்னை சென்று அதனைப் பெற்று வந்து, வண்ணார்பண்ணையில் நிறுவினர். பெரியபுராண வசனம் 1852-இல் வெளிவந்தது. கொல்லத்தில் வார்த்த எழுத்தின் வழித்தோன்றல், தம்பிரான் தோழரின் சரிதத்தை இவ்வாறு மக்கட்கு வழங்கிற்று. திருவாவடுதுறை ஆதீனத்தின் நிழலிற் கற்ற சாமிநாதையர், 1887-இல் சமண நூலாகிய சீவக சிந்தாமணியையும் 1898-இல் பௌத்த நூலாகிய மணிமேகலையையும் பதிப்பித்ததும் இந்நெறியே.

மேனாட்டார் கொண்டு சென்றமையால் அன்றோ தமிழகம் இழந்தது எனின், அதுவும் ஒருபுடை உண்மையே. ஒரு நூலைக் காணக் கடல் கடந்து செல்லல் வேண்டும் என்னும் நிலை, செல்லற்கு வசதியில்லாப் புலவர்க்குப் பெருங் குறையே ஆகும். ஆயினும் சென்ற படி உளது. நின்ற படி இலது. ஆகலின் குறை கொண்டு சென்றதில் மட்டும் இல்லை. நின்றதைக் காவாமையிலும் உளது. இவ்விரு குறையும் நீங்கும் வழியொன்று அண்மைக் காலத்தே காணப்பட்டது. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் என்பவர், தம் வாழ்நாள் முழுதும் தமிழ் நூல்களையும் இதழ்களையும் துண்டு வெளியீடுகளையும் தொகுத்து வைத்து, 1992-இல் மறைந்தனர். சிக்காகோப் பல்கலைக் கழகத்தார் 1994-இல் அத்தொகுதியை விலை கொடுத்துப் பெற்றும், அதனைத் தம் நாட்டிற்குக் கொண்டு செல்லாது, சென்னையிலேயே நூலகமாக நிறுவத் துணை புரிந்தனர். நூல்கள் தமிழகத்தில் நின்றன. அவற்றின் நுண்படங்கள் அயல்நாடு சென்றன. ஓரிடத்துத் தீ மூளினும் ஈரிடத்தும் அழியாமைக்கு இதுவே தக்க அரண்.

முடிவுரை

இதுகாறும் கூறியவாற்றால், நூலைக் காப்பது மூன்று ஒழுக்கத்தால் இயல்வது என்பது விளங்கும். விதி மாறாமை ஒன்று. ஒரே படியை ஒரே இடத்தில் வைத்து அமையாமை ஒன்று. தன் கொள்கைக்கு ஒவ்வாததையும் தனக்கு விளங்காததையும் வெறாமை ஒன்று. இவற்றுள் மூன்றாவதே அரிது. முன்னிரண்டும் பொருளாலும் ஆளாலும் அமையும். மூன்றாவது உளத்தால் அமைய வேண்டுவது.

சைவ மடங்களிலும் வழிவழி வந்த புலவர் இல்லங்களிலும், பெயர் தெரியாத சுவடிகளும் முன்பின் ஏடு இழந்த அச்சுப் புத்தகங்களும் இன்றும் பரணில் உறங்குகின்றன. அவற்றை அவிழ்த்துத் துடைத்து, உள்ளது உள்ளவாறு பட்டியல் எழுதி, நிழற்படம் எடுத்துப் பிறிதோர் இடத்தும் வைத்தல் அவற்றை உடையார்க்குக் கடனாம். இது சைவ நூல் அன்று, இது படிக்க வாராது, இது முதலும் முடிவும் இல்லாதது என்று ஒதுக்கப்படும் கட்டிலே பின்வருவார் தேடும் பொருள் இருத்தல் கூடும். தம்பிரான் என்னும் திருப்பெயரின் பழவழக்கைக் காட்டும் பதினாறு பக்கத்தைக் காத்தவர், அத்திருப்பெயரை வழிபட்டவர் அல்லர் என்பது நினைவில் நிற்பதாக.